அந்த இடத்தில் ஏதோ முளைத்திருக்கிறதா? டாக்டரிடம் காட்டிப் பதில் வாங்கும்வரை

குளிக்கும்போது கையில் தட்டுப்படும், இல்லையென்றால் முடி மழிக்கும்போது கண்ணில் படும். ஆண்குறி மொட்டின் விளிம்பில் பொரிப்பொரியாக ஏதோ, விரைப்பையில் ஒரு சின்னக் கட்டி, பெண்குறியின் உள்மடிப்பில் ஒரு சொரசொரப்பு. நேற்றுவரை அது இருந்ததா, இல்லையா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வராது. அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் படம் தேடுவது. அங்கே வருகிறவை முற்றிப்போன நோயின் படங்கள். சாதாரணமான உடம்பைப் படமெடுத்து யாரும் போட்டுவைப்பதில்லை என்பதால், நமக்கு இருப்பதும் அதுவேதான் என்று தோன்றிவிடுகிறது.

இந்த விஷயத்தில் பயிற்சி பெற்ற ஒருவரின் கண்ணுக்கு ஈடு எதுவும் இல்லை. தோல் மருத்துவர் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடக்கூடிய சங்கதி இது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் பலர் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள்.

முதலில் ஒரு முறை ஒழுங்காகப் பாருங்கள்

குளித்துத் துவட்டிய பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். பெண்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்தால் எளிதாகத் தெரியும். ஆண்கள் முன்தோலை முழுதாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். என்றைக்குக் கண்டுபிடித்தீர்கள், எத்தனை இருக்கிறது, வலிக்கிறதா, அரிக்கிறதா, நீரோ ரத்தமோ கசிகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கப் போவது இவைதான். அவர் எதிரில் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும்.

வந்து வந்து மறைகிற மாதிரி இருந்தால் ஒரு படம் எடுத்து வைப்பது உதவும். ஆனால் எடுப்பதற்கு முன் போனில் தானாகப் படங்களைச் சேமிக்கும் வசதியை நிறுத்துங்கள். வீட்டு டிவியில் குடும்பப் படங்கள் ஓடும்போது இதுவும் வந்து நின்றால் எப்படி இருக்கும்? டாக்டரிடம் காட்டி முடித்ததும் அழித்துவிடுங்கள்.

கிள்ளாதீர்கள். பிதுக்காதீர்கள். பிளேடு வைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்வரை அங்கே மழிக்கவும் வேண்டாம். இருப்பது வைரஸ் மருவாக இருந்தால் ரேசர் அதை இன்னும் நான்கு இடத்துக்குப் பரப்பிவிடும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

வலியோடு கொத்தாக நீர்க்கொப்புளம், காய்ச்சல், சீழ், தொடை இடுக்கில் நெறி கட்டுதல் இருந்தால் அன்றோ மறுநாளோ போய்விடுங்கள். வலியே இல்லாத புண்ணுக்கும் அப்படித்தான், சொல்லப்போனால் இன்னும் கட்டாயமாக. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. உறவு நடந்து சுமார் 3 வாரத்தில், விளிம்பு கெட்டியாக வரும். சிகிச்சை இல்லாமலேயே ஆறியும்விடும். ஆறிவிட்டதே என்று ஆள் நிம்மதியாகிவிடுவார், கிருமி உள்ளே இருக்கும். பின்னால் தள்ளிய முன்தோல் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு வீங்கினால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான வேலை, நடு இரவானாலும் சரி. கர்ப்பிணிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். கறுத்து, வளர்ந்துகொண்டே போகிற மச்சம், ஆறாத புண், இறுகிய முன்தோலுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படும் கட்டி ஆகியவற்றில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருக்கும்.

பாதுகாப்பில்லாத உறவு நடந்து இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் மருவைப் பற்றிய கவலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். அந்த நேரம் தாண்டினால் அது பயன்படாது.

குழந்தையின் உறுப்பில் மரு மாதிரி தெரிந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், நேரே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இங்கே எழுதியிருப்பதெல்லாம் பெரியவர்களுக்கு.

மேலே சொன்னது எதுவும் இல்லையா? அப்படியானால் ஒரு வாரம், பத்து நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் போதும்.

என்னவாக இருக்கலாம்

நீங்களே முடிவு கட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. டாக்டர் வாயிலிருந்து ஒரு பெயர் வரும்போது புரிய வேண்டும் என்பதற்காக.

இளைஞர்களை அதிகம் பயமுறுத்துவது ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னப் பொரிகள். ஒவ்வொன்றும் 1 முதல் 3 மில்லிமீட்டர், தோலின் நிறத்திலோ கொஞ்சம் வெளுப்பாகவோ இருக்கும். ஒன்றோ இரண்டோ வரிசை, ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே இடைவெளி. சீட்டில் டாக்டர் ‘பியர்லி பினைல் பாப்யூல்ஸ்’, அதாவது முத்துப் பொரிகள் என்று எழுதுவார். இது நோயே அல்ல. தொற்றாது, உறவால் வராது, கழுவாததாலும் வராது, சுய இன்பத்தாலும் வராது. பருவ வயதில் தோன்றி, வயது ஏற ஏற மங்கிப்போகும் உடலமைப்பு. எத்தனையோ ஆண்களுக்கு இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பெண்களுக்கும் இதற்கு இணையான ஒன்று உண்டு: உள்மடிப்பில் இரண்டு பக்கமும் சமமாக, மென்மையாக, ஒவ்வொன்றும் தனித்தனி அடியோடு நிற்கும் சின்ன முனைகள். வைரஸ் மருவில் பல முனைகள் ஒரே அடியிலிருந்து கிளம்பும். டாக்டர் லென்ஸ் வைத்துத் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஆண்குறித் தண்டிலும் விரைப்பையிலும் பெண்குறி மடிப்பிலும் தோலை இழுத்துப் பார்த்தால் மட்டும் பளிச்சென்று தெரிகிற மஞ்சள் புள்ளிகள், முடி இல்லாத எண்ணெய்ச் சுரப்பிகள். 1896-இல் இவற்றை எழுதிவைத்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபோர்டைஸின் பெயரே இவற்றுக்கு. உதட்டில்கூட வரும்; கண்ணாடியில் உங்கள் மேலுதட்டைப் பார்த்தால் அங்கேயும் சில இருக்கலாம். சிகிச்சை வேண்டாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு விரைப்பையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் வருவதும் சகஜம். அவை விரிந்த ரத்தக் குழாய்கள், சொறிந்தால் ரத்தம் வரும், மற்றபடி தொல்லை இல்லை. மழித்த இடத்தில் முடி உள்பக்கமாகச் சுருண்டு வளர்ந்த பரு, விரைப்பைத் தோலில் உருளும் கெட்டியான கொழுப்புக் கட்டிகள், தொடை இடுக்கில் தொங்கும் பாலுண்ணி இதெல்லாமும் இந்தப் பட்டியலில் சேரும்.

இனி தொற்றுகள். நடுவில் சின்னக் குழியோடு வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் வந்தால் பெரும்பாலும் உறவின் வழியாக வந்தது. நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு பல மாதங்களில் தானாகவே போய்விடும். காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகினால் அது எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மருவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரமாக, தட்டையாக, சாம்பல் வெளுப்பாக ஆசனவாய்ப் பக்கம் பரவியிருந்தால் சிபிலிஸின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். அதை மரு என்று நினைத்துச் சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் நோய் அப்படியே தங்கிவிடும். சந்தேகம் வந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவது அதனால்தான்.

இரண்டு விஷயங்களை நம் ஊரில் அடிக்கடி தவற விடுகிறார்கள். ஒன்று சிரங்கு: விரைப்பையிலும் ஆண்குறியிலும் அரிக்கும் முண்டுகள், ராத்திரியானால் தூங்கவிடாத அரிப்பு, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் சொறி. இதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து பூசினால்தான் போகும். இன்னொன்று சர்க்கரை. முன்தோல் ஓரம் வெடித்து, வெள்ளையாகப் படிந்து, எரிகிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு அங்கேதான் முதன்முதலாக நீரிழிவு தெரிய வருகிறது.

மெடிக்கல் ஷாப்புக்கும் லாட்ஜுக்கும் போகாதீர்கள்

“அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஸ்டீராய்டும் படர்தாமரை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பு. பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் அந்த இடத்தின் தோல் மெல்லியது, ஸ்டீராய்டு அங்கே வேகமாக இறங்கும். படர்தாமரை உள்ளுக்குள் பரவும், மரு பெருகும், தோல் கிழிசலாக வரி விடும். எல்லாவற்றுக்கும் மேல், களிம்பு பூசிக் கலைந்துபோன தோலைப் பார்த்து எது என்று சொல்ல டாக்டரே திணறுவார். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

வீட்டு வைத்தியத்தில் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை; தாராளமாகப் போடுங்கள். எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பு, வினிகர் இவற்றை அந்த இடத்தில் வைப்பது வேறு கதை. தோல் வெந்து, மருவுக்கு வந்தவர் புண்ணுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டி வரும். குதிரைவால் முடியால் கட்டுவதும் அப்படித்தான், கட்டிய இடம் அழுகிச் சீழ் வைக்கலாம். “இந்தத் தேதியில் இந்த ஊர் லாட்ஜில் சந்திக்கலாம்” என்று விளம்பரம் செய்கிறவர்கள் விற்பது பயத்தை. முத்துப் பொரியைக் காட்டினால்கூட நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மூன்று மாத லேகியம் கட்டிக் கொடுப்பார்கள்.

எந்த டாக்டர், எங்கே

பெயர்ப் பலகையில் எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்று இருக்கிறதா என்று பாருங்கள். தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றுக்கும் சேர்த்துப் படித்தவர்கள் இவர்கள். முடி உதிர்தலுக்கும் முகப்பொலிவுக்கும் மட்டும் போர்டு மாட்டிய இடம் வேண்டாம். பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமும் போகலாம். விரைக்குள்ளே கட்டி, சிறுநீர் போவதில் சிரமம் என்றால் யூராலஜி.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்கும், உள்ளூர் கிளினிக்கில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று யோசிப்பவர்களுக்கும் அரசு மருத்துவமனை நல்ல வழி. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும். சில இடங்களில் சுரக்ஷா கிளினிக் என்ற பலகையும் இருக்கும். ஓபி காலையில்தான், சீக்கிரம் போய்விடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையம் உண்டு. எதற்கும் காசு கிடையாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்குக் கட்டணமில்லாமல் போன் செய்து கேட்கலாம்.

ஓபி சீட்டு எழுதும் இடத்தில் “என்ன பிரச்சினை?” என்று பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும்படி கேட்பார்கள். “ஸ்கின் பிரச்சினை” என்று மட்டும் சொல்லுங்கள், போதும். கிளினிக்கில் கம்பவுண்டர் கேட்டாலும் அதே பதில்தான்; “டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள்ளே

சுற்றி வளைக்க வேண்டாம். “டாக்டர், ஆண்குறியில சின்னதா ஏதோ வந்திருக்கு, பார்த்துச் சொல்லணும்.” இவ்வளவுதான். தலைவலி, வயிற்று வலி என்று ஆரம்பித்துவிட்டு, எழுந்து போகும்போது கதவருகில் நின்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார்.

கல்யாணம் ஆனதா, கடைசியாக எப்போது உறவு, யாரோடு, ஆணுறை போட்டீர்களா என்று கேட்பார்கள். அது விசாரணை அல்ல, எதைத் தேடுவது என்று தெரிந்துகொள்ளத்தான். ஆணோடு உறவு உள்ள ஆண்கள் அதையும் சொல்லிவிடுங்கள். ஆசனவாயையும் பார்க்க வேண்டியிருக்கும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு அது சட்டப்படி குற்றமும் இல்லை. அம்மாவோ கணவரோ கூட வந்திருந்தால், கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரிடமே கேட்கலாம். ஆண் டாக்டர் பார்க்கும்போது நர்ஸ் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று பெண்கள் கேட்பது முறைதான், தயங்க வேண்டாம்.

பரிசோதனை வலிக்காது. திரைக்குப் பின்னால் படுக்கச் சொல்வார், கையுறை போட்டுக்கொண்டு முன்தோலைத் தள்ளிப் பார்ப்பார், தொடை இடுக்கை அழுத்திப் பார்ப்பார், விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸைத் தோலில் வைத்துப் பார்ப்பார். வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நீட்டச் சொன்னால் திகைக்க வேண்டாம். சிபிலிஸின் தடிப்புகள் அங்கேயும் வரும். அன்று காலை குளித்துவிட்டுப் போனால் போதும், பவுடர், எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். பரிசோதனை நடக்கும்போது உடல் தன்னிச்சையாக விறைத்தாலும் அது அவர்களுக்குப் புதிதல்ல.

கிளம்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இதன் பெயர் என்ன, இது ஒட்டுமா, மறுபடி எப்போது வர வேண்டும். பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ‘ஒண்ணுமில்ல, போங்க’ என்பது வீட்டுக்கு வந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போதாது. பெயர் இருந்தால் போதும்.

பரிசோதனைகள்

டாக்டர் உடலமைப்புதான் என்று சொல்லிவிட்டால் பரிசோதனை எதுவும் தேவைப்படாமல் போகலாம். தொற்று சந்தேகம் இருந்தால் சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி ஆகியவற்றை எழுதுவார்கள். உறவு நடந்த மறுநாளே ஓடிப்போய் எடுத்த பரிசோதனைக்கு மதிப்பு இல்லை. கிருமி ரத்தத்தில் தெரிய நாள் வேண்டும். 3 மாதம் முடிந்ததும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

லேப்காரர்கள் விற்கும் பெரிய பெரிய பேக்கேஜுகளை வாங்க வேண்டாம். மரு வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் எச்.பி.வி. பார்க்கும் பரிசோதனை கிடையாது. நீர்க்கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கான ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டிப் பலருடைய நிம்மதியைக் கெடுத்திருக்கிறது. சதை எடுத்துப் பார்ப்பதும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தாலோ சிகிச்சைக்குக் கேட்காவிட்டாலோ மரத்துப்போக ஊசி போட்டுக் கொஞ்சம் எடுப்பார்கள்.

எச்.பி.வி. மரு என்றே சொல்லிவிட்டால்

இது சங்கடமான செய்தி, ஆனால் ஆபத்தான செய்தி அல்ல. இந்த மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் எச்.பி.வி. 6, 11 என்ற வகைகள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதிக்குக் காரணமான 16, 18 வகைகள் வேறு. டாக்டர் மருந்து தொட்டு வைப்பார், திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார், மின்கருவியால் சுடுவார், அல்லது வீட்டில் பூச களிம்பு தருவார். ஒரே தடவையில் முடியாது. முதல் 3 மாதத்துக்குள் திரும்ப வருவது சகஜம். வைத்தியம் பலிக்கவில்லை என்று டாக்டரை மாற்றிக்கொண்டே போக வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், சில மருந்துகள் ஆகாது.

வீட்டில் சண்டை ஆரம்பிப்பதும் இங்கேதான். வைரஸ் உள்ளே போய் மரு தெரிய சில வாரமும் ஆகும், பல மாதமும் ஆகும். ஆகவே யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று மருவை வைத்துச் சொல்லவே முடியாது. மனைவியையோ கணவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவர்களையும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலிருந்தும் ஒட்டும். 30 வயதைத் தாண்டிய பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையை அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும் ஊசி இந்தியாவிலேயே தயாராகிறது. ஏற்கெனவே வந்த மருவை அது போக்காது, ஆனால் வீட்டில் 9 முதல் 14 வயதுப் பிள்ளை இருந்தால் 2 டோஸ் போதும் என்பதால் அதையும் கையோடு கேட்டுவிடலாம்.

ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும்

டாக்டர் சொல்லிவிட்டார், பெயரும் எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கு நாள் நிம்மதி. அப்புறம் மறுபடி கண்ணாடி, மறுபடி தேடல், இன்னொரு டாக்டர், அவரும் அதையே சொல்ல, மூன்றாவதாக ஒருவர். இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை. இருவர் ஒரே பெயரைச் சொன்ன பிறகு மூன்றாமவரிடம் கிடைக்கப் போவது புதிய தகவல் அல்ல, இன்னொரு நான்கு நாள் நிம்மதி மட்டும்தான். பார்ப்பதை மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிக்கும்போது, ஒரு நிமிடம். அளவு, நிறம், எண்ணிக்கை மாறினாலோ, புண்ணோ ரத்தமோ வந்தாலோ அதே டாக்டரிடம் போங்கள். பழைய சீட்டு கையில் இருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

தூக்கம் கெடுகிறது, கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறேன், தினம் பத்துத் தடவை பார்க்காமல் இருக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் சிகிச்சை தேவைப்படுவது தோலுக்கு அல்ல, பதற்றத்துக்கு. அதற்கும் டாக்டர் இருக்கிறார். மனநல ஓபி அதே மருத்துவமனையில்தான் இருக்கும். முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.